வெள்ளைப் புள்ளி உண்ணியும் வீட்டுப் பூனையும்: கால்நடை டாக்டர் பதில்கள்

போன இதழில் பூனைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: உண்ணிக் காய்ச்சல். எழுதியவர்கள் எல்லோரும் அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். நானும் தெற்கு மிசௌரியில், ஓசார்க் மலைக்காடுகளை ஒட்டிய ஒரு சிறிய ஊரில்தான் 19 வருடமாகக் கிளினிக் நடத்துகிறேன். இங்கே ஏப்ரல் பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, மாநிலத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பூனை முத்துவுக்கு மூன்று வயது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். சனிக்கிழமை முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். உடம்பு கொதித்தது. ஞாயிறு இரவு தொட்டுப் பார்த்தபோது சூடு குறைந்திருந்தது, 'சரி, காய்ச்சல் விட்டுவிட்டது' என்று நிம்மதியாகப் படுத்தோம். திங்கள் காலை மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் போய்விட்டான். 'பாப்கேட் காய்ச்சல்' என்றார்கள். அவன் உடம்பில் ஒரு உண்ணியைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. எங்கே தப்பு செய்தோம்? வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறது, அதற்கும் ஒட்டிக்கொள்ளுமா? (ஆர்கன்சா வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. பூனை ஒரு வேளை சாப்பிடாமல் படுத்திருந்தால் எந்த வீட்டிலும் ஒரு நாள் பொறுத்துத்தான் பார்ப்பார்கள். இந்த நோய் அந்த ஒரு நாளைக்கூட நமக்குத் தருவதில்லை. அதுதான் கொடுமை.

நோயின் பெயர் சைட்டாக்ஸூனோசிஸ். சைட்டாக்ஸூன் ஃபெலிஸ் என்ற ஒற்றைச் செல் கிருமி, மலேரியா கிருமிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பூனைகளில் இதை முதன்முதலாகக் கண்டு எழுதியது 1976இல், இதே மிசௌரியில். இதன் சொந்த வீடு பாப்கேட் என்கிற கட்டைவால் காட்டுப்பூனை. பெரும்பாலும் அந்தக் காட்டுப்பூனைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, வாழ்நாள் முழுக்கக் கிருமியைச் சுமந்துகொண்டு திரியும். அதன் ரத்தத்தைக் குடித்த உண்ணிக் குஞ்சு, தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளர்ந்து, அப்புறம் உங்கள் முத்து மாதிரி ஒரு பூனையைக் கடிக்கும்போது கிருமி கை மாறுகிறது.

பூனைக்குள் போன கிருமி முதலில் வெள்ளையணு வகையைச் சேர்ந்த செல்களில் குடியேறிப் பெருகும். அந்த செல்கள் ஊதிப் பெருத்து, நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் சிறு ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். மூச்சு வாங்குவதும், தொட்டால் வலியில் கத்துவதும் இதனால்தான். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் கிருமி சிவப்பணுவுக்குள் போகிறது. ஈறும் காது உட்புறமும் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், கண்ணின் ஓரத்திலிருந்து மூன்றாவது இமை பாதி வரை ஏறி நிற்கும்.

பூனையின் இயல்பான சூடு 100.5இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. இந்தக் காய்ச்சலில் 104, 106 என்று ஏறும். உச்சத்துக்குப் போன பிறகு, சாவதற்கு முன்னால் சூடு சடாரென்று இயல்புக்கும் கீழே இறங்கும். ஞாயிறு இரவு நீங்கள் தொட்டுப் பார்த்தது அதைத்தான். காய்ச்சல் விட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கிய எத்தனையோ குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். கண் முழித்து உட்கார்ந்து சாப்பிடுகிற பூனைக்குச் சூடு குறைந்திருந்தால்தான் அது நல்ல சேதி. துவண்டு கிடக்கிற பூனையின் உடம்பு சில்லிட்டால் அந்த நிமிடமே வண்டியை எடுக்க வேண்டும்.

உண்ணியைப் பார்த்ததில்லை என்கிறீர்கள். கடித்த நாளிலிருந்து நோய் தெரிய பொதுவாகப் பத்து நாள் வாக்கில் ஆகும், ஐந்து நாளிலும் வரலாம், இரண்டு வாரமும் எடுக்கலாம். அதற்குள் உண்ணி குடித்து முடித்து விழுந்திருக்கும், அல்லது பூனையே நக்கி எடுத்திருக்கும். இளம் பருவத்து உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், ரோமத்துக்குள் யார் கண்ணிலும் படாது. 'உண்ணியே இல்லையே டாக்டர்' என்று என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னவர்களின் பூனைகளில்தான் இந்த நோயை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நான் இங்கே வந்த முதல் கோடையில் ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கொண்டுவந்தார்கள். 105 டிகிரி. வேறு பூனையோடு சண்டை போட்ட கடிப்புண்ணாக இருக்கும் என்று நினைத்து, ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் ராத்திரி அது செத்துப்போனது. ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்து ஸ்லைடில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தால், சிவப்பணுவுக்குள் முத்திரை மோதிரம் மாதிரிச் சின்னச் சின்ன வளையங்களைப் பார்த்திருப்பேன். இல்லையென்றாலும் ஸ்லைடின் மெல்லிய விளிம்பில் அந்த ஊதிய செல்கள் சிக்கியிருக்கும். பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து மார்ச் முதல் செப்டம்பர் வரை, காய்ச்சலோடு வரும் எந்தப் பூனையையும் ஸ்லைடு பார்க்காமல் நான் வெளியே அனுப்புவதில்லை. உங்கள் டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: 'சைட்டாக்ஸூன் இருக்கிறதா என்று ஸ்லைடு பார்த்தீர்களா?' இந்த மாநிலங்களில் எந்த டாக்டரும் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பி.சி.ஆர். பரிசோதனையும் உண்டு. ஆனால் அதன் முடிவு வர நாளாகும், அதுவரை மருந்தைத் தள்ளிப்போட முடியாது.

உங்கள் இன்னொரு பூனைக்கு முத்துவிடமிருந்து நேராக ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப் புரண்டு விளையாடியிருந்தாலும் ஒட்டாது. ஆனால் இரண்டும் ஒரே தோட்டத்தில் திரிந்தவை. முத்துவைக் கடித்த உண்ணியின் கூட்டாளிகள் அங்கேயே இருக்கலாம். அதனால் இரண்டு வாரத்துக்கு தினம் இரு வேளை அது சாப்பிடுகிறதா என்று பாருங்கள். உண்ணி மருந்தை இன்றைக்கே டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். வெளியே விடாதீர்கள்.

கேள்வி: இதற்குத் தடுப்பூசி இருக்கிறதா? (கென்டக்கி வாசகர்)

பதில்: இல்லை. உண்ணியைத் தடுப்பது ஒன்றுதான் வழி.

கேள்வி: என் பூனை பிளாட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ஆனால் ரூம்மேட் ஒரு நாய் வளர்க்கிறான், வார இறுதியில் அதைக் காட்டுப் பாதையில் நடைக்குக் கூட்டிப்போவான். பூனைக்கு மாத மருந்து தேவையா? எந்த மருந்து? நான் மாணவன், யோசித்துத்தான் செலவு செய்ய வேண்டும். (ஓக்லஹோமா வாசகர்)

பதில்: தம்பி, பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. மீதிப் பாதி அந்த நாய்.

இந்த நோயைப் பரப்புவதில் முதலிடம் லோன் ஸ்டார் உண்ணிக்கு. வளர்ந்த பெண் உண்ணியின் முதுகு நடுவில் சுண்ணாம்பு வைத்தது போல ஒற்றை வெள்ளைப் புள்ளி இருக்கும், பெயர் அதிலிருந்து வந்தது. மற்ற உண்ணிகள் பெரும்பாலும் புல் நுனியில் காலை விரித்துக்கொண்டு யாராவது உரசிப்போக மாட்டார்களா என்று காத்திருக்கும். இது அப்படிச் சும்மா இருக்காது. நாம் விடும் மூச்சுக்காற்றின் வாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் ஓடி வரும். நாயின் ரோமத்தில் ஏறி, சோபாவில் இறங்கி, பூனை மேல் ஏறுவது அதற்குப் பெரிய காரியம் இல்லை. உங்கள் ஜீன்ஸ் மடிப்பிலும் வரும். வெளியே கால் வைக்காத பூனைக்கு இந்த நோய் வந்து நானே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் நாய் இருந்தது. ஆகவே மருந்து இருவருக்கும் தேவை. முதலில் நாய்க்குத் தவறாமல் போடுகிறானா என்று ரூம்மேட்டைக் கேளுங்கள்.

எந்த மருந்து என்பதில் கவனமாக இருங்கள். கடையில் கிடைக்கும் மலிவான சொட்டு மருந்து பலவும் தெள்ளுப்பூச்சிக்கு மட்டும்தான், உண்ணியைத் தொடாது. பூனைக்கான உண்ணி மருந்திலும் எல்லாமே எல்லா வகை உண்ணியையும் கொல்லும் என்று சொல்ல முடியாது. பெட்டியைத் திருப்பி, 'லோன் ஸ்டார்' என்ற பெயர் அச்சாகியிருக்கிறதா என்று வாசியுங்கள். இப்போது டாக்டர் சீட்டில் கிடைப்பவற்றில் எஸாஃபாக்சோலேனர், சரோலேனர், ஃப்ளூரலேனர், லோட்டிலேனர் என்று 'லேனர்' என முடியும் பெயர் இருக்கும். சில பிடரியில் விடும் சொட்டு, சில வாயால் கொடுப்பது. சில மாதத்துக்கு ஒரு முறை, சில அதைவிட இடைவெளி விட்டு. உங்கள் பூனைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துகளால் சில பிராணிகளுக்கு வலிப்பும் நடுக்கமும் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்திருக்கிறது.

செலவு யோசிப்பவர்களுக்கு ஃப்ளூமெத்ரினும் இமிடாக்ளோபிரிடும் சேர்ந்த கழுத்துப் பட்டையும் உண்டு, பல மாதம் தாங்கும். ஓக்லஹோமாவிலேயே நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பட்டை போட்ட பூனைகள் மேல் கிருமி உள்ள உண்ணிகளை விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு நோய் தொற்றவில்லை. பட்டை இல்லாதவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தொற்றியது. ஆனால் இணையத்தில் போலிப் பட்டை நிறைய உலவுகிறது. அசல் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும்.

எதை வாங்கினாலும் மார்ச் மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள். 'குளிர்காலம்தானே, ஜனவரியில் நிறுத்திவிட்டு ஏப்ரலில் பார்க்கலாம்' என்றால் அந்த ஏப்ரல் மறந்துபோகும். என்னைக் கேட்டால் வருடம் முழுக்கப் போடச் சொல்வேன்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. அளவைக் குறைத்துப் பூனைக்கு விடலாமா? (டெக்சஸ் வாசகர்)

பதில்: கூடாது. ஒரு துளிகூடக் கூடாது.

நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாயின் உடம்பு அதை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் இல்லை. சில மணி நேரத்தில் காது துடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு. அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே எடுபடாது. நாய்க்குச் சொட்டு விட்ட அன்று அது காயும் வரை பூனையை அதன் மேல் படுக்க விடாதீர்கள், நக்க விடாதீர்கள்.

யாராவது தெரியாமல் விட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அந்த இடத்தை அலசி, துண்டால் துடைத்து, குளிர விடாமல் போர்த்தி, அப்படியே அவசர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஏற்கெனவே நடுங்குகிறது என்றால் குளிப்பாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே பூனைக்கு மாதாமாதம் மருந்து போடுகிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் மாட்டுக்கு வேப்பெண்ணெய் தடவித்தான் உண்ணியை விரட்டினோம். பூனைக்கும் வேப்பெண்ணெய், கொஞ்சம் பூண்டுச் சாறு, கற்பூரம் கலந்து தடவினால் ஆகாதா? மகள் உங்களைக் கேட்கச் சொன்னாள். (டென்னசியிலிருந்து ஒரு தாயார்)

பதில்: அம்மா, மாட்டுக்கு வேப்பெண்ணெய் தடவும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். என் பாட்டி மாட்டின் காது மடலைத் திருப்பி, ஆமணக்கு முத்து மாதிரி ஊதியிருக்கும் உண்ணியை ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டையில் போடுவதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தினம் உடம்பைத் தடவிப் பார்த்து உண்ணி எடுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறதே, அதை அப்படியே பூனைக்கும் செய்யுங்கள். எந்த மருந்துக்கும் அது குறைந்தது இல்லை.

ஆனால் எண்ணெய் வேண்டாம் அம்மா. மாடு தன் முதுகை முழுக்க நக்கிச் சுத்தம் செய்யாது. பூனை செய்யும். மேலே தடவியது எல்லாம் ராத்திரிக்குள் வயிற்றுக்குப் போய்விடும். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுவை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும், சமைத்தாலும் பொடியாக்கினாலும் அதே கதைதான். கற்பூரம், யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் பூனைக்கு விஷம். வேப்பெண்ணெயை நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளி, நடை தள்ளாடி வந்த பூனைக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லிவைக்கிறேன், வீட்டில் பெரியவர்கள்தான் கை வைத்தியம் செய்வீர்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஊரில் டைலனால் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இருக்கும். குழந்தைக்குக் கொடுக்கும் அளவுகூட வேண்டாம், கால் மாத்திரையும் வேண்டாம். பூனையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும், முகம் வீங்கும், செத்துப்போகும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கிறது. பூனையின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டியிருக்கிறது. பிடுங்கினால் தலை உள்ளேயே தங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது. தீக்குச்சி சூடு காட்டினால் தானாக விழும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். (மிசௌரி வாசகி)

பதில்: தீக்குச்சி வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், நெயில் பாலிஷ், வாசலின் எதுவும் வேண்டாம். சூடு பட்டால் உண்ணி கடித்த வாயோடு உள்ளே இருப்பதைக் கக்கும், பூனையின் காதும் வெந்துபோகும்.

நுனி கூர்மையான ட்வீசர் ஒன்று போதும். வீட்டில் ஒருவர் பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளட்டும், தலை மட்டும் வெளியே தெரியட்டும். ரோமத்தை விரலால் விலக்குங்கள். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு தோலாக அது வாயைப் புதைத்திருக்கும் இடத்தில் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருங்கள். தோல் சின்னக் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். அங்கேதான் எல்லோரும் பயந்து விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். இன்னும் சில விநாடியில் பட்டென்று கழன்று வரும். வாய்த் துண்டு உள்ளே நின்றுவிட்டாலும் பயம் இல்லை, கத்தியால் தோண்டாதீர்கள், உடம்பே அதைத் தள்ளிவிடும். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், எடுத்ததை நசுக்காமல் ஆல்கஹால் ஊற்றிய மூடி போட்ட புட்டியில் போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் பூனை துவண்டால் அந்தப் புட்டியோடு டாக்டரிடம் போகலாம்.

இதில் எனக்கு மிகவும் ஆறுதல் தரும் கணக்கு ஒன்று உண்டு. உண்ணி ஒட்டிய உடனே சைட்டாக்ஸூன் உள்ளே போய்விடுவதில்லை. ஆய்வில் பார்த்தபோது, ஒட்டி 36 மணி நேரத்துக்கு மேல் 48 மணி நேரத்துக்குள்தான் தொற்றியது. அதாவது நேற்று ராத்திரி ஏறிய உண்ணியை இன்று ராத்திரி எடுத்துவிட்டால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை பார்ப்பது போதாது, தினம் பார்க்க வேண்டும். பூனையின் நாக்கு எட்டாத இடங்களை முதலில் பாருங்கள்: காது மடலின் உள்ளும் பின்னும், தாடைக்குக் கீழே, பிடரி, பட்டைக்கு அடியில். அப்புறம் அக்குள், தொடை இடுக்கு, விரல் சந்து. கண்ணைவிட விரல் நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும். டிவி பார்க்கும்போது மடியில் வந்து உட்காருமே, அந்த நேரத்தில் எதிர்ரோமமாக மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள்.

வீட்டுக்குப் பின்னால் காடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். புல்லை ஒட்ட வெட்டுங்கள், உதிர்ந்த இலையைக் குவித்து வைக்காதீர்கள். புல்தரைக்கும் காட்டுக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு மரச்சீவலோ ஜல்லியோ போட்டால் உண்ணி அதைத் தாண்டி வருவது குறையும். மான் வந்து மேய்வது பார்க்க அழகுதான், ஆனால் தீனி வைத்துக் கூப்பிடாதீர்கள். லோன் ஸ்டார் உண்ணிக்கு மிகவும் பிடித்த வாகனம் வெள்ளைவால் மான்.

கேள்வி: எங்கள் செம்பருத்தி இந்த நோயிலிருந்து பிழைத்து வந்துவிட்டாள். பத்து நாள் மருந்து முடிந்தது. இனி அவளால் எங்களுக்கோ, எங்கள் குழந்தைக்கோ, புதிதாக எடுக்க நினைக்கும் குட்டிப் பூனைக்கோ ஆபத்து உண்டா? (கான்சஸ் வாசகி)

பதில்: கடிதத்தைப் படித்ததும் எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது!

நான் இந்தத் தொழிலில் படித்துவந்த காலத்தில் இந்த நோய் வந்த பூனை அனேகமாகப் பிழைக்காது என்றுதான் பாடம். ஓக்லஹோமா, ஆர்கன்சா எல்லைப் பக்கம் சில பூனைகள் தானாகவே பிழைத்ததாகச் செய்தி வந்தபோது ஆச்சரியப்பட்டோம். நிலைமையை மாற்றியது, மனிதர்களின் மலேரியாவுக்குக் கொடுக்கும் அட்டோவாகுவோனையும், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் கொடுக்கும் முறை. 2011இல் வந்த ஆய்வில் இந்த இரண்டும் கொடுத்த பூனைகளில் 60 சதவீதம் பிழைத்தன. பழைய இமிடோகார்ப் ஊசியில் பிழைத்தது 26 சதவீதம்தான். இன்றும் பத்தில் நான்கு போய்விடுகின்றன என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால் வாய்ப்பு கூடும் என்பதை என் கிளினிக்கில் கண்ணால் பார்க்கிறேன்.

போன மே மாதம் ஒரு ஆரஞ்சுப் பூனை வந்தது. 106.3 டிகிரி. காதின் உட்புறம் மஞ்சள் தடவியது போல இருந்தது. முந்தின நாள் காலையில் சாப்பிடவில்லை, மறுநாள் கடை திறக்கும் முன்பே எங்கள் வாசலில் நின்றார்கள். மூக்கு வழியாக டியூப் போட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மஞ்சள் நிற அட்டோவாகுவோன் மருந்தைக் கொழுப்புள்ள உணவோடு செலுத்தினோம். கொழுப்பு இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சாது. சலைன், வலி மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின், இரண்டு நாள் ஆக்ஸிஜன் கூண்டு. அதிகம் தூக்கவில்லை, தொடவில்லை, இந்தப் பூனைகளுக்கு அலைச்சலே எமன். மூன்றாம் நாள் இன்னும் மோசமானது, நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் கூண்டைத் திறந்தபோது, டியூப் தொங்கும் மூக்கோடு, கொஞ்சமாகக் குரல் எழுப்பி என் விரலை நக்கியது. செம்பருத்தியும் அப்படித்தான் ஏதோ ஒரு காலையில் திரும்பி வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்வி. இந்தக் கிருமி மனிதருக்கு வராது, நாய்க்கும் வராது. குழந்தை செம்பருத்தியைக் கட்டிக்கொண்டு தூங்கலாம். ஆனால் அதே லோன் ஸ்டார் உண்ணி நம்மைக் கடித்தால் எர்லிக்கியோசிஸ் என்ற காய்ச்சல் வரலாம். சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சுத் திணறும் ஆல்ஃபா-கால் ஒவ்வாமையும் இந்தக் கடியால் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் சாப்பிட்டுவிட்டு நடு ராத்திரி அரிப்போடு எழுகிறவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், உண்ணி கடித்ததுண்டா என்று உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். அதனால் தோட்டத்தில் விளையாடிவிட்டு வரும் குழந்தையையும் தினம் சோதியுங்கள்.

புதுக் குட்டி விஷயத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிழைத்த பூனை நன்றாக ஓடி விளையாடினாலும், அதன் சிவப்பணுவில் கிருமி கொஞ்சம் தங்கியிருக்கும், பல வருடம்கூட. அவளைக் கடித்த உண்ணி வளர்ந்து குட்டியைக் கடித்தால் நோய் போகலாம். அவளும் குட்டியும் நேரடியாகப் பழகுவதால் போகாது. ஆக நடுவில் உண்ணி இல்லை என்றால் ஆபத்தும் இல்லை. இருவருக்கும் மருந்து தவறக் கூடாது, இருவரும் வீட்டுக்குள். செம்பருத்திக்கு ஒரு முறை வந்துவிட்டதே, இனி வராது என்று அவள் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அவள் ரத்தத்தை வேறு பூனைக்குத் தானம் கொடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், டாக்டர் கேட்டால் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

குட்டி வீட்டுக்கு வரும் நாளில் முதலில் குளியலறையில் வைத்துக் காது, பிடரி, விரல் சந்து எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் கூடத்தில் விடுங்கள். அதன் எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு சொல்ல முடியும், மிகச் சிறு குட்டிக்குச் சில மருந்துகள் ஆகாது. அதனால் பெரிய பூனையின் மருந்தைப் பகிர்ந்து விடாமல், வந்த வாரத்திலேயே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பெயர் வைத்ததும் எழுதுங்கள்.